அளவைகள் பாடத்துக்கு எந்தச் செய்முறை: விதையா, தராசா, மழைமானியா, பட்டுப்புழுவா?

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கணக்குப் புத்தகத்தில் அளவைகள் வந்துகொண்டே இருக்கும். நீளம், எடை, கொள்ளளவு, காலம் என்று பருவத்துக்கு ஒன்றாகத் தலைகாட்டும். அறிவியல் புத்தகம் தன் பாட்டுக்குச் செடி, தண்ணீர், பூச்சி, வானிலை என்று போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே செய்முறையில் கட்டிவிட்டால் நேரம் மிச்சமாகும், எதற்காக அளக்கிறோம் என்பதும் பிள்ளைகளுக்குப் புரியும். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். எந்தச் செய்முறை என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலையோரக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய. ஒருவர் கையில் ஒன்று முதல் மூன்று, இன்னொருவர் கையில் நான்கும் ஐந்தும். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். செய்முறை மூலம் அறிவியலும் கணக்கும் கற்பிக்க அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கானது, தொடக்க வகுப்புகளுக்கு அது இல்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்குக்கும் ஐந்துக்கும் விரிந்தது. செயல்பாடுகளுக்கு அதில் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் ஊரில் கிடைக்கிற பொருளை வைத்து என்ன செய்யலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்தாக வேண்டும். யதார்த்தமாகச் சொன்னால் ஒரு பருவத்துக்கு ஒரு செய்முறை, மிஞ்சிப்போனால் இரண்டு. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். பிள்ளை தப்பாக அளந்தால், ஆசிரியர் வாய் திறக்காமலே அது தப்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவருமா? புத்தகத்தில் பென்சில் படத்தின் பக்கத்தில் ஸ்கேல் படம் இருக்கும். பிள்ளை 7 செ.மீ. என்று எழுதும், நாம் டிக் போடுவோம். சரியா தப்பா என்பது நம் சிவப்புப் பேனாவில் இருக்கிறது. டெய்லருக்கு அப்படி இல்லை, அளவு தப்பினால் துணி பற்றாது. பட்டுக்கூடு விற்கிறவருக்கும் அப்படி இல்லை, எடை குறைந்தால் கைக்கு வரும் பணம் குறையும். அளவு தானாகவே காட்டிக்கொடுக்கும் சூழ்நிலை வகுப்பறைக்குள் வர வேண்டும். செலவு, விடுமுறை, ஆட்டு மாட்டுத் தொல்லை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் கடையில் விற்கும் உபகரணப் பெட்டியைப் பார்த்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பணம் இருக்கிறது என்றால் முதலில் எழும் யோசனை அதுதான். பிளாஸ்டிக் பீக்கர், சின்னத் தராசு, எடைக்கற்கள், மடக்கும் மீட்டர் கோல், கடிகார அட்டை என்று பார்க்க அழகாக இருக்கும். இரண்டு குறை. ஒன்று, தொலைந்துவிடும், உடைந்துவிடும் என்ற பயத்தில் அது பீரோவுக்குள் போய்விடும், பார்வைக்கு அதிகாரி வரும் நாளில்தான் வெளியே வரும். இன்னொன்று, கோடு எல்லாம் முன்பே போட்டிருப்பதால் பிள்ளை கற்றுக்கொள்வது கோட்டின் எண்ணைப் படிக்க மட்டுமே. அந்தக் கோடு எப்படி அந்த இடத்தில் வந்தது என்ற கேள்வி எழாது. முழுப் பெட்டி தேவையில்லை. 100 மி.லி. அளவுஜாடி ஒன்று, டெய்லர் டேப் இரண்டு, முடிந்தால் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எலக்ட்ரானிக் தராசு ஒன்று, இவை போதும். எலக்ட்ரானிக் தராசு கடைசியில் தீர்ப்புச் சொல்வதற்கு மட்டும். முதல் நாளே அதைக் கொடுத்துவிட்டால் எடை என்பது திரையில் வரும் எண் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். மளிகைக் கடையில் ஏற்கனவே அதைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தது விதை முளைக்க வைப்பது. எல்லாரும் செய்வது, செலவே இல்லாதது. நம் பக்கம் அவரை, மொச்சை, பச்சைப்பயறு, கேழ்வரகு எதுவும் வீட்டிலிருந்தே வரும். பச்சைப்பயறு இரண்டு மூன்று நாளில் முளை காட்டிவிடும். ஆனால் என் கேள்வியை வைத்துப் பார்த்தால் விதை கொஞ்சம் பின்தங்குகிறது. நேற்று 4 செ.மீ., இன்று 6 செ.மீ. என்று ஒரு பிள்ளை எழுதினால், உண்மையிலேயே இரண்டு வளர்ந்ததா, நேற்று தப்பாக அளந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. செடி வளர்ந்துவிடுவதால் பழைய அளவை மறுபடி எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. தப்பு செடியோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. எங்கிருந்து அளப்பது என்பதும் தொல்லைதான். தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் இறங்கும், அவரைத் தண்டு வளையும், நிமிர்த்தினால் ஒடியும். ஸ்கேலின் ஓரத்துக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை, ஓரத்தை மண்ணில் ஊன்றி அளந்துவிடுவார்கள்.

இந்தக் குறையைப் பாதி சரிக்கட்ட ஒரு வழி உண்டு. தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையைக் கத்தரித்துத் தேதி எழுதி அட்டையில் வரிசையாக ஒட்டுவது. நேற்றைய பட்டை கையில் இருப்பதால் அதை இன்னொரு பிள்ளை மறுபடி அளந்து பார்க்கலாம். பத்து நாளில் அட்டை மேலேயே ஒரு பட்டை வரைபடம் நின்றுவிடும், தனியாக நடத்த வேண்டாம். சனி, ஞாயிறுக்கு இடம் காலியாக விட வேண்டும். திங்கட்கிழமைப் பட்டை திடீரென்று உயரும்போது, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளே பேச ஆரம்பிப்பார்கள். செடி மண்ணைவிட்டு எழும் இடத்தில் தண்டைச் சுற்றி ஒரு நூல் கட்டிவிட்டால் தொடங்கும் இடமும் நிலையாக இருக்கும். தண்டு நேராக நிற்கும் பயிர் வேண்டுமென்றால் கேழ்வரகு. ஒகேனக்கல், பென்னாகரம் பக்கம் குரங்குக்குத் தப்பிக்க வைப்பது தனிக் கலை, அதை அந்த ஊர் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி தராசு. கடைத் தராசைச் சொல்லவில்லை, பிள்ளைகளே கட்டும் தராசு. எனக்கு இதுதான் முதலிடம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முக்கால் அடி, ஒரு அடி நீளத்துக்கு நேரான மூங்கில் பட்டை, இரண்டு கொட்டாங்குச்சி, நூல். பட்டையின் நடுவில் மேல் விளிம்பை ஒட்டி ஒரு ஓட்டை. இரண்டு முனைகளிலும் அதைவிடச் சற்றுக் கீழே ஒவ்வொரு ஓட்டை. நடு ஓட்டை கீழே போய்விட்டால் பட்டை நிற்காது, குப்புறக் கவிழும். கவிழட்டும். ஏன் கவிழ்கிறது என்று ஐந்தாம் வகுப்புக்காரர்கள் ஓட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதே ஒரு பாடவேளைக்குத் தாங்கும். கொட்டாங்குச்சிகளைத் தொங்கவிட்டதும் பட்டை ஒரு பக்கம் சாயும், ஏனென்றால் எந்த இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரே எடை இருக்காது. லேசான பக்கத்தில் களிமண் ஒட்டிச் சரிசெய்ய வேண்டும். எதையும் நிறுப்பதற்கு முன்னால் வெறும் தராசு நேராக நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளை இங்கே கையால் தெரிந்துகொள்கிறது. ஸ்கேலில் பூஜ்யம் எங்கே என்று பார்ப்பதும் இதே விஷயம்தான்.

இனி எடைக்கல் வேண்டுமே. ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு தட்டில் காலிக் கப், இன்னொரு தட்டில் மணல் கட்டப்போகும் காலிக் கவர், இரண்டையும் வைத்துக் களிமண்ணால் சமன் செய்துகொள்ள வேண்டும். பிறகு கப்பில் சிரிஞ்சால் 50 மி.லி. தண்ணீர், கவரில் பட்டை நேராகும் வரை மணல். கவரைத் தட்டைவிட்டு எடுத்ததும் அதில் இருப்பது 50 கிராம் மணல். கவரின் எடை ஒரு கிராமுக்குள் அடங்கும், அதைப் பொருட்படுத்தலாமா வேண்டாமா என்று பிள்ளைகளையே கேளுங்கள். இப்படியே 10, 20, 100 கிராம் பைகளும் செய்துவிடலாம். கொள்ளளவும் எடையும் ஒரே செய்முறையில் வந்துவிட்டன, கவனித்தீர்களா.

நாணயத்தை எடைக்கல்லாக வைப்பதும் வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு, அது நமக்கு நல்லதற்கே. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை ஒரு ரூபாய் 3.09 கிராம். ஒரு குழு பழைய நாணயங்களை வைத்து நிறுக்கும், இன்னொரு குழு புதியவற்றை வைத்து நிறுக்கும். ஒரே புளி உருண்டைக்கு இருவரும் வேறு வேறு எண் சொல்வார்கள். சண்டை வரும். தீர்த்துவைக்க அவசரப்படக் கூடாது. இரண்டு நாணயத்தையும் எதிரெதிர்த் தட்டில் போட்டுப் பார் என்று மட்டும் சொன்னால் போதும். எல்லாருக்கும் பொதுவான அலகு ஏன் வேண்டும் என்பதைச் சாண், முழம் கதை சொல்லி விளக்குவதைவிட இது சீக்கிரம் மண்டையில் ஏறும்.

தராசைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் அதற்குள்ளேயே சரிபார்ப்பு இருக்கிறது என்பதுதான். பொருளை இடது தட்டிலும் எடைக்கல்லை வலது தட்டிலும் வைத்துச் சமன் செய்தாயிற்றா, இப்போது இரண்டையும் தட்டு மாற்றி வை. பட்டை நேராகவே நின்றால் தராசு நல்ல தராசு. சாய்ந்தால் நடு ஓட்டை நடுவில் இல்லை.

"சார், தராசு பொய் சொல்லுது."

"எந்தப் பக்கம் நீளம்னு ஸ்கேல் வெச்சுப் பாருடா."

இவ்வளவுதான் பேச்சு. எடையில் வந்த தப்பு நீளத்தில் இருக்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். சந்தையில் தராசுக்கோலைப் பிடித்துத் தட்டு மாற்றிப் பார்க்கச் சொல்லும் பாட்டிகள் இதைப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஒரு கேழ்வரகு எவ்வளவு எடை என்று கேட்டால் தராசு அசையாது. பத்துப் பேர் ஆளுக்கு நூறு எண்ணி ஒன்றாகக் கொட்டினால் ஆயிரம் தானியம், புது ஒரு ரூபாய் நாணயத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ வரும். 3 கிராமை ஆயிரத்தால் வகுத்தால் 3 மில்லிகிராம். மில்லிகிராம் என்ற சொல்லை மாத்திரை அட்டையில் மட்டும் பார்த்த பிள்ளைக்கு இப்போது அது களியாகும் தானியத்தின் எடை.

தராசின் குறையையும் சொல்லியாக வேண்டும். கட்டுவதற்கு இரண்டு மூன்று பாடவேளை போகும், முதல் நாள் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும். காற்றடிக்கும் வராண்டாவில் தொங்கவிட்டால் நிற்காது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முடிச்சுப் போட முடியாமல் பெரியவர்களை நம்பி இருப்பார்கள். அவர்களுக்கு எது கனம், எது லேசு என்று இரண்டு கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைமானி இரண்டாவது பருவத்துக்கு உரியது. இரண்டு மாவட்டத்துக்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அக்டோபரில் வைத்தால் ஏமாற்றாது. ஜனவரிக்குப் பிறகு வைத்தால் வெறும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். செய்வது சுலபம். பக்கங்கள் நேராக இருக்கும் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே புனல் மாதிரி செருக வேண்டும். அடிப்பாகம் குழிந்திருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறிக்க வேண்டும். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதப் பட்டையை ஒட்டி, அதன் மேல் செல்லோடேப். மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைப்பது விதி. பள்ளிக்கூடத்துப் புளியமரத்தின் உயரத்தை ஏறாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இங்கே இனாமாகக் கிடைக்கும் கணக்கு. மரத்தின் நிழலையும் உயரம் தெரிந்த ஒரு குச்சியின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்தால் போதும்.

இதன் அருமை இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரியும். ஒன்று அகன்றது, ஒன்று ஒடுங்கியது. எதில் அதிக மில்லிமீட்டர் வரும் என்று மழைக்கு முன் கேட்டால் எல்லாக் கையும் அகன்ற பாட்டிலுக்கு உயரும். மழை விட்டதும் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே உயரம். தண்ணீரை அளவுஜாடியில் ஊற்றிப் பார்த்தால் அகன்றதில் அதிகம். இரண்டும் உண்மை. மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இரண்டு பாட்டிலிலும் உயரம் வெகுவாக வேறுபட்டால் எங்கோ தப்பு, பூஜ்யக் கோடோ, சாய்வோ, மரக்கிளையோ. ஆக இதிலும் அளவு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது.

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கும். பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே நேரம். திங்கட்கிழமை அளவு மூன்று நாள் மழை என்று எழுத வேண்டும். நாளிதழில் ஊத்தங்கரை, பாரூர், பெணுகொண்டாபுரம், தளி, பாலக்கோடு, பென்னாகரம் என்று ஊர்வாரியாக மி.மீ. போடுவார்கள். பக்கத்து ஊர் எண்ணோடு ஒத்துவராவிட்டால் உடனே நம்முடையது தப்பு என்று சொல்லிவிடக் கூடாது, நாலு கிலோமீட்டருக்கு ஒரு மழை என்பது நாம் அறியாததா. அதனால்தான் இரண்டு பாட்டில் வைக்கச் சொல்கிறேன்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 6 மீட்டருக்கு 6 மீட்டர் தளத்தில் 10 மி.மீ. பெய்தால் 360 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 24 குடம். இது வெறும் பயிற்சிக் கணக்காக நின்றுவிடக் கூடாது, இங்கே குடிதண்ணீரே ஒரு பிரச்சினை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த மாவட்டங்களுக்கு வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. அரைக் கேழ்வரகின் எடை, ஒரு லிட்டர் தண்ணீரில். ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை பிடித்த பெரியவர்கள் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த அளவின் கனம் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பட்டுப்புழுவுக்கு வருகிறேன். மல்பெரித் தோட்டம் இருக்கும் ஊரானால் இதை விடவே கூடாது. தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் புழு வளர்ப்பு மனை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். முட்டையிலிருந்து வெளிவரும்போது புழு 3 மி.மீ. அளவு. கூடு கட்டும் முன் 7 செ.மீ. வரை நீளும். எடையோ ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு கூடும், அதுவும் 25 முதல் 28 நாளில். பள்ளிக்கூடத்தில் வேறு எந்த உயிரும் ஒரு மாதத்துக்குள் இப்படி மில்லிமீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்குத் தாவிக் காட்டாது.

விவசாயிகள் இப்போது பெரும்பாலும் இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவைத்தான் வாங்கி வருகிறார்கள். அதனால் நமக்குக் கிடைப்பது ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய புழு. அதுவும் போதும். இருபது முப்பது புழு, ஒரு அட்டைப்பெட்டி, தினம் இரண்டு மூன்று முறை தழை. கட்டம் போட்ட தாளின் மேல் புழுவை விட்டால் தொடாமலே நீளம் பார்த்துவிடலாம். நெளியும், சுருங்கும், நீளும். ஒரே புழுவை மூன்று பேர் அளந்தால் மூன்று எண் வரும். இங்கே பிள்ளைகளுக்குக் கோபம் வரும், யாருடையது சரி என்று. யாருடையதும் தப்பில்லை. மூன்றில் நடு எண்ணை எழுதிக்கொள்ளலாம் என்று அவர்களே ஒரு வழிக்கு வருவார்கள். தோலுரிக்கும் நாளில் புழு தின்னாது, அசையாது, நீளமும் கூடாது. நோட்டில் ஒரே எண் இரண்டு நாள் வரும். அளக்க மறந்து நேற்றையதைப் பார்த்து எழுதிவிட்டாயா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். புழுவைப் போய்ப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

எடைக்கு அந்தக் கொட்டாங்குச்சித் தராசு இங்கே வேலைக்கு வரும். ஒரு கூடு ஒன்றரை, இரண்டு கிராம்தான் இருக்கும், தனியாக நிறுத்தால் நம்ப முடியாது. பத்துக் கூட்டைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுக்க வேண்டும். கேழ்வரகில் செய்த அதே தந்திரம். தின்ற தழையை அளப்பது ஐந்தாம் வகுப்புக்கான சவால். போட்ட தழையிலிருந்து மிச்சத் தழையைக் கழித்தால் விடை தப்பாக வரும், ஏனென்றால் தழை வாடி எடை இழந்திருக்கும். புழு இல்லாத இன்னொரு பெட்டியில் அதே எடைத் தழையை வைத்து, அது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும். கடைசியில் ஒரு வெள்ளைக் கூட்டில் 800 முதல் 1,200 மீட்டர் வரை நூல் இருக்கும் என்று சொல்லுங்கள். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டரில் எந்தக் கோயில், எந்த டீக்கடை என்று அவர்களே சொல்லட்டும்.

தொல்லைகள் உண்டு. மருந்து அடித்த தோட்டத்துத் தழை ஒரு வேளை போனாலும் புழு செத்துவிடும். கொசுவர்த்திப் புகையும் ஆகாது. எறும்பு வரும். சனி, ஞாயிறு யாராவது வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பள்ளிக்கு வந்த புழுவைத் திரும்பவும் மனையில் சேர்க்கவே கூடாது, நோய் பரவினால் அந்தக் குடும்பத்தின் ஒரு அறுவடையே போய்விடும். இதை முதலிலேயே பெற்றோரிடம் பேசிவிட வேண்டும். நூல் எடுக்கும்போது உள்ளே இருக்கும் புழு என்ன ஆகும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். உள்ளதைச் சொல்லிவிடுவதே நல்லது. நாலைந்து கூட்டை வைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சி வருவதையும் பார்க்கலாம்.

யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று ஊசல். ஒரு மீட்டர் நூல், ஒரு கல், உத்தரத்தில் ஒரு ஆணி. கல்லின் நடுவிலிருந்து ஆணி வரை ஒரு மீட்டர் இருந்தால், போய்த் திரும்பி வர ஏறக்குறைய 2 வினாடி. முப்பது முறை ஆடினால் ஒரு நிமிடம். பெரிய கல் கட்டினாலும் அதேதான். நூலை 25 செ.மீ. ஆக்கினால் ஒரு வினாடி. நீளத்தைத் தப்பாக அளந்திருந்தால் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். காலத்தையும் நீளத்தையும் இத்தனை மலிவாகச் சேர்க்கும் வேறு செய்முறை எனக்குத் தெரியவில்லை. ஒரே பாடவேளையில் முடிந்துவிடும் என்பதால் பருவம் முழுக்க ஓட்டும் வேலைக்கு இது ஆகாது.

மாம்பழத்தைச் சொல்லாவிட்டால் கிருஷ்ணகிரிக்காரர்கள் விடமாட்டார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பெங்களூரா ரக மாங்காய் இருக்கும். வாளியில் போட்டால் முற்றிய காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். மூழ்கிய காய் தள்ளிவிடும் தண்ணீரை அளந்தால் அதன் கன அளவு. நல்ல தொடக்கம், ஆனால் ஒரு நாள் கூத்து, மாலைக்குள் பாடப்பொருள் வயிற்றுக்குள் போய்விடும். போச்சம்பள்ளிச் சந்தைக்கோ ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கோ கூட்டிப்போவதும் அப்படித்தான். வண்டி, அனுமதி, கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பது என்று ஆசிரியர் களைத்துவிடுவார், அளக்கும் வேலையையோ வியாபாரியே செய்துவிடுவார்.

முடிவு உங்கள் பள்ளியைப் பொறுத்தது. ஒரே ஒரு செய்முறைதான் முடியும் என்றால் தராசு, அதுவும் முதல் பருவத்திலேயே. அது ஆண்டு முழுக்க வகுப்பில் தொங்கும், அடுத்து எது செய்தாலும் கை கொடுக்கும். ஊரில் மல்பெரி இருந்தால் இரண்டாவது இடம் பட்டுப்புழுவுக்கு, மழைமானிகூட அப்புறம்தான். மல்பெரி இல்லாத ஊர்களில் இரண்டாம் பருவத்துக்கு இரட்டை மழைமானி. மூன்றாம் பருவத்தில் மழையும் இல்லை, தேர்வும் நெருங்குகிறது என்றால் ஊசலும் காகிதப் பட்டை ஒட்டும் கேழ்வரகும். ஐந்து வகுப்பும் ஒருவர் கையில் இருக்கும் பள்ளியில் புழு வேண்டாம். விடுப்பு எடுக்க நேர்ந்தால் தழை போட ஆள் இருக்காது.

எதை எடுத்தாலும் நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்கச் சொல்லுங்கள்: நான் நினைத்தது, நான் அளந்தது, இன்னொருவர் அளந்தது. மூன்றாவது பத்தியை நிரப்புவது பக்கத்தில் உட்காரும் நண்பனாக இருக்கக் கூடாது, பார்த்து எழுதிவிடுவான். வேறு வகுப்புப் பிள்ளையை அனுப்புங்கள். ஈராசிரியர் பள்ளியில் எல்லாரும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள், ஆளுக்கும் பஞ்சமில்லை.